மொட்டை மாடி டிஷ்ஷும் ஆறு வருஷ ஓசி கிரிக்கெட்டும்

2019 ஜூனில் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் டிடி ஃப்ரீ டிஷ், அதாவது தூர்தர்ஷனின் இலவச டிஷ், மாட்டினேன். டிஷ், பாக்ஸ், ஒயர், மாட்டிக் கொடுத்தவர் கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது. அதோடு சரி, மாதக் கட்டணம் என்று இன்றுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை. "வாங்கலாமாண்ணா?" என்று தெருவில் யாராவது கேட்டால், "மேட்சுக்கு வாங்கு, சீரியலுக்கு வாங்காதே" என்றுதான் சொல்லுவேன்.

மாட்டின கதையே ஒரு கோபத்தில் ஆரம்பித்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் டிவி கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் டிராய் ஆணையம் புது விதியைக் கொண்டுவந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. பே சேனல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். மனைவிக்குச் சீரியல், பையனுக்குக் கார்ட்டூன் என்று டிக் அடித்துக்கொண்டே வந்ததில் பில் எகிறியது. விளையாட்டுச் சேனல்களை நானே வெட்டினேன். மே மாதக் கடைசியில் உலகக் கோப்பை தொடங்கியது. நைனா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிரிக்கெட் இல்லாமல் இருக்க மாட்டார். "டிடில போடுவான்டா, எப்பவும் போடுவான்" என்று நம்பிக்கையாக ரிமோட்டை எடுத்தார். கேபிளில் டிடி வந்தது, மேட்ச் வரவில்லை. வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

கேபிள்காரர்தான் ஏதோ வேலை காட்டுகிறார் என்று நினைத்து அவரோடு போய்ச் சண்டை போட்டேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. 2007இல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று அரசு அறிவித்த ஆட்டங்களின் நேரலையை, உரிமை வாங்கின தனியார் சேனல் தன் விளம்பரங்கள் இல்லாமல், டிடியை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். டிடி அதில் தன் விளம்பரத்தைப் போட்டுச் சம்பாதிப்பதில் குறைந்தது 75 சதவீதம் உரிமைக்காரருக்குப் போகும். இதுவரை நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த டிடியைத் தனியார் கேபிளும் தனியார் டிஷ்களும் எடுத்துக் காட்டினால், காசு கொடுத்து விளையாட்டுச் சேனலை யார் வாங்குவார்கள் என்று வழக்குப் போனது. பகிர்ந்த சிக்னல் ஆன்டெனாவில் வரும் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், தனியார் கேபிளுக்குப் போகக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, மாதாமாதம் காசு கட்டிக் கேபிளில் டிடி பார்க்கிறவனுக்கு மேட்ச் இல்லை. காசே கட்டாமல் டிஷ் வைத்திருக்கிறவனுக்கு உண்டு. இதை நைனாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கேட்டு முடித்துவிட்டு, "அப்போ டிஷ்ஷே மாட்டிடு" என்றார்.

அந்தச் சட்டம் வந்த வருஷமும் எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2007 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் அணி இங்கே ஆட வந்தபோது தனியார் சேனலுக்கும் டிடிக்கும் தகராறு. கடைசியில் டில்லி உயர் நீதிமன்றம் சொன்னபடி டிடியில் 7 நிமிடம் தாமதமாகக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் அப்போது பே சேனல் கிடையாது. 2003 செப்டம்பரில் சென்னையில் காஸ் முறை வந்ததிலிருந்தே பே சேனலுக்குத் தனி பாக்ஸ் வேண்டும், அதை நாங்கள் வாங்கவே இல்லை. எதிர் வீட்டில் பாக்ஸ் இருந்தது. அங்கே கத்தினால் 7 நிமிடம் கழித்து இங்கே விக்கெட் விழும். அவுட் ஆகப்போகிறவனை "நல்லா ஆடறாம்பா" என்று பாராட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேட்ச் முடிவதற்குள் நைனா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

சரி, டிஷ்ஷுக்கு வருகிறேன். முன்பு ஆன்டெனா காலத்தில் எங்கள் மாடிக் கம்பி தெற்கே சிவானந்தா சாலை டவரைப் பார்த்து நிற்கும். இந்த டிஷ் தென்கிழக்கே வானத்தைப் பார்க்கிறது, ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கு. நல்ல உயரத்தில் இருப்பதால் பக்கத்து மாடிவீடு மறைக்கவில்லை. மறைக்காததெல்லாம் சரி, காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்றை என்ன செய்வது? முதல் மழைக்காலம் முடிவதற்குள் கிளாம்ப் போல்ட் துருப்பிடித்துவிட்டது. ஒயர் முனையில் பச்சைப் பாசி மாதிரிப் படிந்து படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஆறு வருஷத்தில் டிஷ் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, தடவைக்கு 300 ரூபாய்க்குள். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை போல்ட்டில் கிரீஸ் தடவி, ஒயர் முனையில் டேப் சுற்றி விடுகிறேன். கடற்கரைப் பக்கம் வைப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். காக்கா ஒன்று டிஷ் கைமேல் வந்து உட்காரும். அது மீன் தலையோடு வந்தால் அன்றைக்குச் சிக்னல் கொஞ்சம் ஆடும்.

பெரிய மழை கொட்டினால் படம் நின்றுவிடும், அது எந்த டிஷ்ஷுக்கும் உள்ளதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து முடிந்ததும் கதை தலைகீழானது. கரண்ட் வந்த பிறகும் தெருவில் கேபிள் ஒயரும் நெட் ஒயரும் அறுந்து தொங்கின. எங்கள் டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி வைத்ததும் செய்தி ஓடியது. பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் எண்ணூர் எண்ணெய்க் கசிவுச் செய்தியைப் பார்த்தார்கள்.

இனிக் குறைகள். தமிழுக்கு இந்த டிஷ் அநியாயத்துக்கு ஏழை. சன் டிவி, விஜய், ஜீ தமிழ் எதுவும் இல்லை. இந்திச் சேனல்கள்தான் வரிசை கட்டி நிற்கும். பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பேர் மாறியது, பார்க்கப் பளிச்சென்று ஆகியிருக்கிறது. ஆனால் மனைவி அதற்காக ரிமோட்டைத் தேடியதில்லை. அதனால்தான் எங்கள் தெருவில் நாலு வீட்டில்கூட இந்த டிஷ் கிடையாது, கேபிளை யாரும் விட முடியாது. சட்டம் எல்லோருக்கும் என்று கொடுத்த மேட்ச், எங்கள் ஏரியாவில் யாரும் வாங்காத ஒரு பாக்ஸுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான். நானும் இரண்டையும் வைத்துக்கொண்டு, டிவியில் ஹெச்டிஎம்ஐக்கும் ஏவிக்கும் மாற்றி மாற்றித்தான் ஓட்டுகிறேன்.

வர்ணனையும் பெரும்பாலும் இந்தியில்தான் வரும். வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் சொல்லக் கேட்டு வளர்ந்த நைனா சத்தத்தை நிறுத்திவிட்டுத் தானே வர்ணனை செய்கிறார். "வந்தான், போட்டான், அடிச்சான், எவனுமே இல்ல அங்க!" ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017இல் வந்தபோது அவருக்காகவே வந்தது மாதிரி இருந்தது. ஆனால் அது காசு கட்டினால்தான்.

ஐபிஎல்லுக்காக இதை வாங்கினால் ஏமாந்து போவீர்கள். அது அரசுப் பட்டியலிலேயே இல்லை. 2023 முதல் 2027 வரைக்குமான டிவி உரிமைக்கு ஸ்டார் 23,575 கோடி கொடுத்தது, இந்தியாவுக்கான டிஜிட்டலுக்கு வயாகாம்18 அதற்கும் மேலே 23,758 கோடி. கொடுத்த கையோடு ஜியோசினிமாவில் ஓசியாகவும் விட்டார்கள். அந்த வருஷம் சென்னை ஜெயித்த இறுதி ஆட்டம் நடு ராத்திரி தாண்டி முடிந்தபோது, தெருத் திண்ணை முழுக்கப் போன் வெளிச்சம். டிவியைப் போட்டவர் யாரும் இல்லை. இரண்டு வருஷம் அப்படி ருசி காட்டினார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோசினிமா, ஹாட்ஸ்டார் இரண்டு ஆப்பும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது, மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்று திட்டம் வந்தது. தொகை பெரிதில்லைதான். ஆனால் முன்பு கேபிள்காரரிடம் சண்டையாவது போடலாம், இப்போது யாரிடம் போடுவது?

போனை டிஷ் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: வேகம். 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் சூர்யகுமார் எல்லைக்கோட்டில் அந்த கேட்சைப் பிடித்ததும் நாங்கள் கத்திவிட்டோம். கீழ் வீட்டுப் பையன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு இன்னும் பந்தே போடவில்லை. "அண்ணா, சொல்லாதீங்கண்ணா, ப்ளீஸ்!" என்று ஜன்னலில் வந்து கெஞ்சினான். நைனாவுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு, இந்தியா ஜெயித்ததற்கு மட்டும் வந்ததில்லை. 2007இன் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது.

வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா பையன் கிரிக்கெட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டான். கால்பந்து வீரர் தனபால் கணேஷ் ஆடிய மண்ணில் பிறந்தவன், அவனுக்குக் கால்பந்துதான் எல்லாம். "மாமா, உன் டிஷ்ல வேர்ல்ட் கப் வருமா?" என்று போன வாரம் கேட்டான். அரசுப் பட்டியலில் இருப்பது தொடக்க ஆட்டம், காலிறுதி, அரையிறுதி, இறுதி. நடுவில் அர்ஜென்டினா யாரோடு மோதினாலும் இவனுக்குப் போன்தான் கதி. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலிறுதிக்கு நான் இங்கதான் படுத்துக்குவேன், ஆயாகிட்ட சொல்லிடு" என்றான்.

அதற்குள் மூன்றாவது தடவையாக எல்என்பி வாங்கிப் போட வேண்டும். நேற்று ராத்திரி மறுபடி கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.