வெளிச்சுவர்ப் பூச்சு சொதப்பிவிட்டதா? பெயிண்ட்டால் மூடுவதா, ஒட்டுப்போடுவதா, உடைத்துப் பூசுவதா

புது வீடு, இரண்டு மழைக்காலம்கூட முழுசாகப் பார்க்கவில்லை, அதற்குள் வெளிச்சுவரெல்லாம் விரிசல். பெயிண்டரைக் கூப்பிட்டால், "நல்ல வாட்டர்புரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சா போதும் சார்" என்பார். கொத்தனாரைக் கூப்பிட்டால், "மொத்தத்தையும் கொத்திட்டுப் புதுசாப் பூசணும்" என்பார். அவரவருக்குத் தெரிந்த வேலையை அவரவர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், கெட்ட இடத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுப்போடும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை. வேலை நுணுக்கம், கூலி கம்மி.

மூன்றில் எது சரி என்பதைச் சுவரின் தோற்றத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது, தட்டித்தான் பார்க்கவேண்டும். சின்னச் சுத்தியலோ கரண்டிப் பிடியோ போதும். அடிக்கு அடி மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு செங்கல்லைப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். விட்டு நின்றால் டொப்பென்று வெற்றுச் சத்தம் வரும். வெற்றுச் சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம்போட்டுக்கொண்டே போனால், அரைநாளில் ஒரு சுவரின் நிலைமை முழுசாகக் கண்முன் வந்துவிடும். பார்க்க அசிங்கமாக, விரிசலாக இருக்கும் சுவர் தட்டும்போது கெட்டியாக இருப்பதும், பளபளவென்று இருக்கும் சுவர் பாதிக்குமேல் விட்டு நிற்பதும் சகஜம்.

விரிசலின் வடிவத்தையும் கவனியுங்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பின்னல் விரிசல் என்றால், பெரும்பாலும் பூச்சு சீக்கிரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. சிமெண்ட் அதிகம் போட்டது, எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்த மணல்) தூள் அதிகம் இருந்தது, கடைசியில் ஈரத்தை இழுக்க மேலே சிமெண்ட் தூளைத் தூவித் தேய்த்தது, பூசியபின் ஈரமாக வைத்திருக்கும் கியூரிங் போதாதது, இப்படிக் காரணங்கள். கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஓடினால், பெரும்பாலும் அங்கே பூச்சுக்கு அடியில் கோழிவலை அடிக்கவில்லை என்று அர்த்தம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினாலோ, செங்கல் இணைப்புகளை ஒட்டிப் படிப்படியாக ஏறினாலோ, அது பூச்சின் குற்றமாக இல்லாமல் போகலாம். கட்டடமே அசைகிறதா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லும்வரை பூச்சு வேலையில் காசு போடாதீர்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்து உதிர்ந்தால் அதுவும் வேறு கதை. கீழிருந்து ஏறும் ஈரத்தை நிறுத்தாமல் எந்தப் பூச்சும் அங்கே நிற்காது.

பெயிண்ட்டால் மூடுவது

எலாஸ்டோமெரிக் என்று விற்கிற இழுபடும் பெயிண்ட்டுகள் மோசமானவை அல்ல. வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது கூடவே இழுபட்டுக் கொடுக்கும். பூச்சு கெட்டியாக இருந்து, நூல் கனத்துப் பின்னல் விரிசல் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதுவே போதும். அதைவிடப் பெரிய விரிசலை முதலில் வி வடிவில் கீறித் திறந்து, தூசி போக்கி, விரிசல் அடைக்கும் பேஸ்ட் வைத்து அடைக்கவேண்டும். பெயிண்ட் அதன் பிறகுதான். இந்தப் பெயிண்ட்டின் பலமே படலத்தின் கனத்தில் இருக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குமேல் தண்ணீர் கலந்து, ஒரு லிட்டரை இரண்டு மடங்கு பரப்புக்கு இழுத்தால், விலை உயர்ந்த சாதாரண பெயிண்ட் அடித்ததாக ஆகிவிடும். ஆள் அடிக்கும்போது கூடவே நிற்க முடியாதவர்கள், காலி டப்பாக்களையாவது எண்ணிப் பாருங்கள்.

பெயிண்ட் பூச்சைச் செங்கல்லோடு ஒட்டவைக்காது. விட்டு நிற்கிற பூச்சின்மேல் அடித்தால், பூச்சு விழும்போது பெயிண்ட்டும் கூடவே விழும். ஈரச் சுவரில் அடித்தாலும் உள்ளே மாட்டிய ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். அதனால் மழைக்காலம் முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்தபிறகே இந்த வேலையை எடுக்கவேண்டும்.

ஒட்டுப்போடுவது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் மூன்றில் எளிதாகக் கெட்டுப்போகும் வேலையும் இதுதான்.

வட்டம் போட்ட இடத்தைச் சுற்றி, நல்ல பூச்சுக்குள் நான்கு அங்குலம் தள்ளி, கட்டிங் மெஷினால் சதுரமாக வெட்டவேண்டும். கோணல்மாணலாக உளியால் கொத்தினால் அதிர்வில் பக்கத்துப் பூச்சும் விட்டுவிடும், ஓரமும் மெலிந்துபோய் நிற்காது. செங்கல் தெரியும்வரை எடுத்து, இணைப்புகளை ஒரு சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுக் கழுவவேண்டும். செங்கல்லை முதல்நாளே நனைத்துவைத்தால் நல்லது, ஆனால் பூசும் நேரத்தில் மேலே தண்ணீர் வடியக்கூடாது. ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழி நிறைந்த லேசான சிமெண்ட் கல்) சுவர் என்றால் ஊறவிடாமல் லேசாகத் தெளித்தால் போதும்.

அடுத்தது எஸ்பிஆர் லேடெக்ஸ் என்ற ஒட்டுத் திரவம் கலந்த சிமெண்ட் பால். இங்கேதான் முக்கால்வாசி ஒட்டுகள் தோற்கின்றன. பாலைக் காலையில் அடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பூசினால், அதற்குள் அது காய்ந்து வழுவழுப்பான தோலாகியிருக்கும். ஒட்டவைக்கப் போட்டதே பிரித்துவைக்கும். பால் பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை அதன்மேல் வீசவேண்டும், அதனால் ஒரு தடவைக்கு ஒரு சதுரத்துக்கு மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.

ஒட்டு பலமாக இருக்கட்டும் என்று 1:3 கலவை (ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூன்று பங்கு மணல்) போடச் சொல்பவர்கள் நிறையப் பேர். சிமெண்ட் கூடக்கூடச் சுருக்கமும் கூடும், ஓரத்தைச் சுற்றி முடி கனத்தில் விரிசல் விடும். பழைய பூச்சு 1:5 என்றால் ஒட்டும் கிட்டத்தட்ட அதே கலவையில் இருக்கட்டும். 20 மி.மீ. கனத்தை ஒரே தடவையில் அப்பாமல் 12, 8 என்று இரண்டு கோட்டாகப் பிரிக்கவேண்டும். தூண், பீம் சேரும் இடங்களில் இரண்டு பக்கமும் ஆறங்குலம் படிகிற மாதிரி வலை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் இரும்புக் கோழிவலை துருப்பிடிக்கும், சிமெண்ட்டின் காரத்தைத் தாங்குகிற ஃபைபர் கண்ணாடி வலை மேல்.

ஏழு நாள் கியூரிங். ஒட்டுப்போட்ட இடம் சின்னதாக இருப்பதால் எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள், ஈரச்சாக்கு தொங்கவிட்டால் வேலை சுலபம். பெயிண்ட்டுக்கு முன் 28 நாள் ஆறவிடுங்கள். ஒட்டின் தடம் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். சுவர் முழுக்கப் பெயிண்ட் அடித்தாலும் சாய்வெயிலில் சதுரம் சதுரமாகக் கண்ணில் படும். அது பொறுக்காதவர்கள் டெக்ஸ்சர் பூச்சு கொடுக்கலாம்.

முழுக்க உடைத்துப் பூசுவது

1000 சதுர அடிப் பரப்பில் 20 மி.மீ. பூச்சை உடைத்தால் மூன்றரை டன்னுக்குக் குறையாத இடிபாடு கீழே விழும். அதை அள்ளி, வண்டி பிடித்து ஏற்றவேண்டும். புதுசாகப் பூச, 1:5 கலவையில் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மூட்டை சிமெண்ட்டும் ஏழெட்டுக் கன அடி மணலும் ஆகும். இதோடு சாரம். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே மூன்றடிச் சந்துதான் என்றால், அவர்கள் ஜன்னலைச் சாத்திவைக்கச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டும். உடைக்கிற அதிர்வில் செங்கல் முனை, ஜன்னல் ஓரம், பைப், சுவருக்குள் போன ஒயர் எல்லாம் அடிவாங்கும். ஏஏசி பிளாக்கில் பூச்சோடு பிளாக்கின் முகமே பெயர்ந்து வருவதுண்டு.

இத்தனைக்கும் பலன் இருக்கிறது. முதல் தடவை விட்டதையெல்லாம் சரியாகச் செய்ய இந்த ஒரு வழியில்தான் இடம் கிடைக்கும். வலை அடிக்கலாம், கான்கிரீட் முகத்தைக் கொத்திக் கரடுமுரடாக்கலாம், பூச்சுக்கென்றே வரும் பி-சாண்ட் மணலைச் சல்லடையில் சலித்துப் போடலாம், சன்ஷேடுக்கு அடியில் தண்ணீர் சொட்டிவிழக் கோடு போடலாம். ஆனால் அதே மேஸ்திரி, அதே அவசரம், அதே கோடைவெயில் என்றால் அதே விரிசல்தான் திரும்ப வரும்.

எதை எடுப்பது

வீட்டுக்கு ஒரே முடிவு என்று போகாதீர்கள், சுவருக்குச் சுவர் தனியாக முடிவெடுங்கள். சாக்பீஸ் வட்டங்கள் சுவரில் கால்பங்குக்குள் அடங்கினால் ஒட்டு, பாதியைத் தாண்டினால் உடைத்துவிடுவது, இது என் கணக்கு. நடுவில் இருந்தால் இடம்தான் தீர்மானிக்கும். சென்னைப் பக்கம் வடகிழக்கு மழை சாரலடிக்கிற வடக்கு, கிழக்குச் சுவர்களில் ஒட்டு இணைப்புகள் அதிகம் வேண்டாம். தென்காசி, கன்னியாகுமரி என்றால் தென்மேற்குச் சாரலும் கணக்கில் சேரும். மாடிச் சுவருக்கு நேர் கீழே ஆள் நடக்கும் பாதை இருந்தாலும் யோசிக்காமல் உடைத்துவிடுங்கள், விழுகிற பூச்சு தலையைப் பார்த்து விழாது. எந்த வட்டமும் இல்லாத சுவருக்குப் பெயிண்ட் மட்டும் போதும். சுவர் மேடுபள்ளமாக இருக்கிறது, ஆனால் கெட்டியாக இருக்கிறது என்றால் தொடவே வேண்டாம். பளபளப்பு இல்லாத பெயிண்ட் அடித்தால் பாதி மறைந்துவிடும்.

பட்டி போட்டு மட்டம் பண்ணலாம், டைல்ஸ் ஒட்டி மறைக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. பட்டி ஒன்றிரண்டு மி.மீ. நிரப்பத்தான், அதைக் கனமாக அப்பினால் உரிந்துவரும். விட்டு நிற்கிற பூச்சின்மேல் டைல்ஸ் ஒட்டுவது அபாயம். ஏற்கெனவே தொங்குகிற பூச்சு அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கவேண்டியிருக்கும்.

பில்டரிடம் வாங்கிய அபார்ட்மெண்ட்டோ வில்லாவோ என்றால் கைக்காசைப் போடுமுன் தேதியைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் வேலைத்தரக் குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். சாக்பீஸ் வட்டங்களைத் தேதியோடு படமெடுத்து எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள். சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டியவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் திருத்த வேலையிலாவது கூலியில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, கியூரிங் முடிந்ததும் மேஸ்திரி முன்னாலேயே சுவரைத் தட்டிக்காட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். இதை வேலை தொடங்கும் முன்பே பேசிவைத்துவிடுங்கள்.