சத்தமில்லாத வெள்ளிக் கொலுசு, புதுசா கல்யாணம் ஆனவங்க கண்டிப்பா வாங்கலாம்

சேலம் செவ்வாப்பேட்டைல வாங்குன முத்து வைக்காத கொலுசு பத்தி எழுதுறேன். எல்லாரும் டிசைன், எடை, கூலின்னுதான் பேசுறாங்க, டைனிங் டேபிளுக்கு அடியில வீட்டுக்காரரை காலால சீண்டுறதுக்கு எது தோதுன்னு யாருமே சொல்றதில்ல, எனக்கு அதுதான் முக்கியம். எங்களோடது கூட்டுக் குடும்பம், ராத்திரி மாமா நியூஸ் பார்த்துக்கிட்டே சாப்பிடுவாரு, அத்தை தோசை சுட்டுப் போட்டுக்கிட்டே இருப்பாங்க, நடுவுல நாங்க ரெண்டு பேரும் கொஞ்சிக்கணும்னா கால் மட்டும்தான் இருக்கு.

பழைய கொலுசு பூரா முத்து, கால் லேசா அசைஞ்சாலே ஜல்லுன்னு கேக்கும், நாத்தனார் டக்குனு நிமிர்ந்து பார்ப்பா. இது பட்டைச் செயின், கணுக்கால்ல படிஞ்சு உக்காந்துக்குது, சத்தமே வரல. கால் கழுவிட்டு வந்து உக்காந்த உடனே மெதுவா அவரு கால் மேல வச்சா வெள்ளி சில்லுன்னு படும் பாருங்க, அவரு முகத்தை மாத்தாம மாமாகிட்ட பேசிட்டே இருப்பாரு, ஆனா கட்டைவிரல் மட்டும் திருப்பி என் மெட்டியை ஒரு நெருடு நெருடும், அதுக்கே எவ்வளவு வேணா குடுக்கலாம். தெரியாம கால் பட்டாலே தொட்டுக் கண்ல ஒத்திக்கிற ஆளுங்க நாம, அந்தக் காலை வேணும்னே ஒருத்தர் மேல வைக்கிறோம்னா அது எவ்வளவு பெரிய உரிமை! அவரு டயர்டா இருந்து காலை இழுத்துக்கிட்டா அன்னைக்கு அதோட விட்டுடுவேன், ரெண்டு பேருக்கும் பிடிச்சாதான் இது நல்லா இருக்கும்.

குறைன்னா திருகு சீக்கிரம் லூஸ் ஆகுது, ஒரு தடவை கடைல குடுத்து டைட் பண்ண வேண்டியதாப் போச்சு. ஆனாலும் கொக்கி மாடல் வேணாம், லுங்கில மாட்டி நூலை இழுக்கும், அப்புறம் காலைப் பிரிக்கவே முடியாது.

வாங்குறப்ப ஹால்மார்க் கேளுங்க, 2025 செப்டம்பர் 1ல இருந்து வெள்ளிக்கும் எச்யூஐடி நம்பரோட (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா போடுற அடையாள நம்பர்) வருது, கட்டாயம் இல்லங்கிறதால நாமதான் கேட்டு வாங்கணும். 925னு இருந்தா ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, கொலுசுல நிறைய அதைவிட கம்மி டச்லதான் (வெள்ளியோட சுத்தம்) வரும், அதுக்கேத்த விலையான்னு பாருங்க. கறுத்துட்டா பூந்திக்கொட்டை ஊறவச்ச தண்ணில போட்டு பழைய பிரஷ்ல தேய்ச்சாப் போதும். கடைல முத்து வச்சதைத்தான் முதல்ல எடுத்துக் காட்டுவாங்க, சத்தம் வராதது வேணும்னு போன உடனே சொல்லிடுங்க.