தமிழில் பேசினான் என்று நம்பி 6,400 ராண்டை இழந்தேன்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு, அப்புறம் ஆன்லைனில் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். பணம் திரும்பி வராது என்று நேற்றுதான் பேங்கில் கையை விரித்தார்கள். இன்னும் வயிறு எரிகிறது.

மகள் கல்யாணத்துக்கு மூன்றடி நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன். பூஜைச் சாமான் விற்கும் ஒரு இணையதளத்தில் கிடைத்தது. உச்சியில் அன்னம், தண்டில் கடைந்த வளையங்கள் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி படம். சரக்கு டர்பனிலேயே இருக்கிறதாம். ஜோடி 6,400 ராண்ட். கிரே தெருவில் நான் விசாரித்த விலையில் ஏறக்குறைய பாதி.

சந்தேகப்பட்டுத்தான் வாட்ஸப்பில் கேட்டேன், கல்யாணத்துக்கு வேண்டும் என்று ஆங்கிலத்தில். பதிலுக்குக் குரல்பதிவு வந்தது, தமிழில். "வணக்கம்மா. பொண்ணு கல்யாணமா? முருகன் புண்ணியத்துல நல்லா நடக்கும்மா."

அங்கேதான் விழுந்தேன். 1860-ல் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் இங்கே தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், தேவாரம் பாடுகிறார்கள், ஆனால் வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம். கல்யாணமாகி இங்கே வந்து 24 வருஷமாகிறது. கடையில் ஒருவர் என்னை "அம்மா" என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! அவன் அனுப்பிய பேங்க் கணக்கு கடை பேரில் இல்லை, யாரோ தனி ஆள் பேரில் இருந்தது. கேட்டேன். "எங்க கணக்குப்பிள்ளைம்மா" என்றான். சரியென்று உடனடி ஈஎஃப்டியில், அதாவது ஆன்லைனில் கணக்கிலிருந்து கணக்குக்கு நேரே பணம் போகிற முறையில், 6,400 ராண்டையும் அனுப்பிவிட்டேன்.

"நாளைக்கு வந்துடும்மா." அப்புறம் "டிரைவருக்கு உடம்பு சரியில்லம்மா." பத்தாம் நாள், சரக்கு கஸ்டம்ஸில் நிற்கிறது, 950 ராண்ட் கட்டினால் விடுவார்களாம். டர்பனிலேயே இருக்கிற சரக்குக்கு எதற்குக் கஸ்டம்ஸ் என்று கேட்டேன். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டான்.

பேங்கில் 40 நிமிஷம் லைனில் காத்திருந்தேன். பணம் போன அன்றே எடுத்துவிட்டார்களாம், "நீங்களாகத்தானே அனுப்பினீர்கள்" என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கேஸ் நம்பர் தந்ததோடு சரி. 6,400 ராண்ட், சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு.

ஒரு இணையதளம் எப்போது பதிவானது என்று காட்டும் ஹூ இஸ்ஸில் (WHOIS) என் மகன் அந்தத் தளத்தைத் தேடினான். பதிவாகி 19 நாள்தான் ஆகியிருந்தது. தள முகவரி பக்கத்தில் பூட்டுப் படம் இருந்ததே என்றேன். நாம் தட்டுவதை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது, அதற்குத்தான் அந்தப் பூட்டு. கடை நிஜமா என்பதற்கு அது சாட்சி இல்லை என்றான்.

அவசரமாகச் சொல்கிறேன். தளம் எப்போது பதிவானது என்று முதலில் பாருங்கள். தனி ஆள் கணக்குக்கு ஈஎஃப்டி செய்யாதீர்கள், உடனடி ஈஎஃப்டி போனால் போனதுதான். கார்டு என்றால் பேங்கில் தகராறு பதியவாவது வழி உண்டு. ஏமாந்தால் பேங்குக்கு அந்த நிமிஷமே போன் செய்யுங்கள், மோசடிப் புகார் வாங்கும் யீமா (Yima) தளத்திலும் புகார் கொடுங்கள்.

இன்று காலை பார்த்தேன். வேறு பேரில் ஒரு கடை, அதே அன்ன விளக்குப் படம், அதே 6,400 ராண்ட். வாங்கிவிடாதீர்கள்.