பாலூ தம்பியோடு ஐந்து வருடம்

என் கணினியில் ஐந்து வருடமாக அதிகம் உழைத்த ஃபான்ட் பாலூ தம்பிதான். மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு உருவாக்கிய பாலூ குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளை. இந்தியில் பாலூ என்றால் கரடி. எழுத்தும் அப்படித்தான், கொழுகொழுவென்று, கூர்முனையே இல்லாமல் இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் உறவுப்பெயர் வைத்திருக்கிறார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, குஜராத்திக்கு பாய், நமக்குத் தம்பி.

முதலில் வந்தபோது ஒரே தடிமன்தான். பாலூ தம்பி 2 வந்ததும் சாதாரணத் தடிமனான ரெகுலரிலிருந்து மிகத் தடித்த எக்ஸ்ட்ரா போல்ட் வரை ஐந்து தடிமன்கள் கிடைத்தன. நான் பேசுவது பெரும்பாலும் அந்த எக்ஸ்ட்ரா போல்ட் பற்றி.

ஆங்கில எழுத்தில் உருண்டை முனையின் குணம் உடனே தெரியும். டி, எல் போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் முனையை மழுக்கினால் முகமே மாறிவிடும். தமிழில் பாதி எழுத்து ஏற்கெனவே உருண்டைதான். ப, ட, ம, ய போன்ற மூலையுள்ள எழுத்துகளில்தான் மென்மை கண்ணில் படும். சுழி எழுத்துகளிலோ தெரிவது தடிமன் மட்டும். அதனால் எந்த உருண்டை ஃபான்டை இறக்கினாலும் முதலில் இரண்டு சொல் தட்டிப் பார்ப்பேன். ‘பட்டம்’ அதன் குணத்தைச் சொல்லிவிடும். ‘இளைஞன்’ அதன் வரம்பைச் சொல்லிவிடும். இ, ளை, ஞ மூன்றிலும் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளைதான் உயிர். அளவு குறையக் குறைய அது அடைபட்டு எழுத்து பொட்டாகிவிடுகிறது. கைபேசித் திரையில் ஒரு பத்தி முழுக்க இதில் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் பேசுவது மாதிரி இருந்தது. மூன்று நான்கு சொல், பெரிய அளவு என்றால் மட்டும் தம்பியைக் கூப்பிடுவேன்.

அந்த எல்லைக்குள் அசத்துவான். குழந்தைகளுக்கான அட்டை, விளையாட்டுச் செயலியின் பட்டன், விழா பேனர் எல்லாவற்றுக்கும் நம்பி வைக்கலாம். வினைல் ஸ்டிக்கராக வெட்டியபோது எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. கூர்மூலை உள்ள எழுத்துகள் மூலையிலிருந்துதான் முதலில் உரியும். இதில் கூர்மூலையே இல்லை. மரத்தில் ரவுட்டர் என்ற செதுக்கு இயந்திரம் வைத்துச் செதுக்குவதற்கும் தோதானது. அதன் சுழலும் வெட்டுமுனை உருண்டை என்பதால் உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது, இங்கே அதற்குத் தேவையும் இல்லை.

ஒருமுறை மட்டும் நன்றாகச் சறுக்கினேன். ‘அபாயம், தொடாதீர்’ என்று மின்பெட்டிக்கு ஒரு பலகை. அவசரத்தில் கையில் இருந்த தம்பியையே போட்டுவிட்டேன். அச்சாகி வந்ததைப் பார்த்தால் பிறந்தநாள் அழைப்பு மாதிரி சிரிக்கிறது! மறுபடி அச்சடித்த செலவு என்னுடையது. ஆனால் உருண்டை எழுத்து என்றாலே விளையாட்டுத்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. ஃபோக்ஸ்வாகன் 1979-இல் தன் விற்பனைக்கூடங்களுக்காகக் கொண்டுவந்த வேக் ரவுண்டட் என்ற உருண்டை ஃபான்ட் பின்னாளில் பல வருடம் ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளில் இருந்தது. அது அடக்கமாகப் பேசும் உருண்டை. தம்பிக்கு அந்த அடக்கம் கிடையாது.

வடிவமைக்கும்போது இன்னொரு தொல்லை வரி உயரம், அதாவது வரிக்கு வரி விடும் இடைவெளி. இயல்பிலேயே தாராளமான இடம் விட்டு வருவதால், இரண்டு வரித் தலைப்பு தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கையால் குறைக்க வேண்டும். ரொம்பக் குறைத்தால் மேல்வரியின் ‘கு’, ‘சூ’ கால்கள் கீழ்வரியின் புள்ளிகளில் போய் முட்டும். அப்புறம் அகலம்: ‘விண்ணப்பிக்கவும்’ என்று பட்டனில் போட்டால் பட்டன் போதாது. ‘விண்ணப்பி’ என்று சுருக்கிவிட்டேன், தம்பிக்கு அந்த உரிமையான தொனி பொருந்துகிறது.

உரிமம் பற்றிக் கவலை இல்லை. ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸில் வருவதால் வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

எண்கள் விஷயத்தில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கிட்டத்தில் 8 அவ்வளவு அழகு, தூரத்தில் 6-ஆ 8-ஆ என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. அறை எண் பலகைகளுக்கு இப்போதைக்கு தடிமன் குறைந்த செமி போல்ட்.