11 ஆண்டுகளுக்குப் பின் எல்.எல். கூல் ஜே: ‘த ஃபோர்ஸ்’

1985இல் டெஃப் ஜாம் நிறுவனத்தின் ஊடாகத் தனது முதல் இசைத்தொகுப்பான ‘ரேடியோ’வைத் தந்த அமெரிக்கச் சொல்லிசைக் கலைஞர் எல்.எல். கூல் ஜே, 2013இல் வந்த ‘ஒதென்டிக்’கிற்குப் பின்னர் நெடுநாள் புதிய தொகுப்பு எதையும் வெளியிடாதிருந்து, 2024 செப்டம்பர் 6ஆம் திகதி ‘த ஃபோர்ஸ்’ தொகுப்புடன் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். விமர்சகர்கள் பெரும்பாலும் இதனை வரவேற்றார்கள். அப்பாராட்டில் கணிசமான பங்கு இசையை வடிவமைத்த கியூ-டிப்புக்குச் சென்றது, அது முற்றிலும் நியாயமானதே.

மட்டக்களப்பில் என்னுடன் சேர்ந்து கேட்ட நண்பர்கள், எமினெம் இணைந்த ‘மர்டர்கிராம் டூ’வையே மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டார்கள். அதன் வேகம் என்னையும் கவர்ந்தது; எனினும் ஸ்னூப் டோக் இணைந்த முதற்பாட்டின் நிதானமே என் மனதில் நிலைத்தது. நெடுங்காலம் ஒதுங்கியிருந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் கூத்துக்களரிக்குத் திரும்பி மத்தளத்தில் கை வைக்கும்போது, தாளம் இன்னும் அவர் வசம் இருக்கிறதா என்றுதான் நம் ஊர்ச் சபை முதலில் கவனிக்கும். 56 வயதில் இத்தொகுப்பைத் தந்த எல்.எல். கூல் ஜேயின் மூச்சிலும் சொற்களின் அழுத்தத்திலும் அந்தத் தாளப்பிடி தளரவில்லை.

சவீட்டி இணைந்த ‘புரொக்லிவிட்டீஸ்’ மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் ஒலி கரைந்துபோவதால், நல்ல ஹெட்ஃபோனில் கேட்குமாறு பரிந்துரைக்கிறேன்.