மேன்ஹோல் ரோபோவின் கைக்கு எந்தத் தொடு உணர்வு? திரை, அதிர்வு, எதிர்விசை: ஓர் அலசல்

வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ பாதாள சாக்கடை அடைத்துக்கொண்டால், மூங்கில் பிளாச்சு விட்டுப் பழகிய அண்ணன்களுக்கு அடைப்பு என்னவென்று கையிலேயே தெரிந்துவிடும். துணி என்றால் இழுபடும், மணல் என்றால் நறநறக்கும், செங்கல் என்றால் ‘ணங்’கென்று மணிக்கட்டு வரை ஏறும்.

பாதுகாப்பு இல்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. பணம் எந்த உயிரையும் திருப்பித் தராது; இறங்க வேண்டியது இயந்திரம்தான். திருவனந்தபுரத்தில் உருவான பாண்டிகூட் போன்ற ரோபோக்கள் அதற்காகவே வந்தவை. ஆபரேட்டர் மேலே நின்று கேமராப் படத்தைப் பார்த்து இயக்குகிறார். ஆனால் ரோபோவின் கை கழிவுநீருக்குள் மூழ்கிவிட்டால் கேமராவுக்கு எதுவும் தெரியாது. தொடு உணர்வு மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். அதைக் கொடுக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, விசையைத் திரையில் காட்டுவது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டை. அளவு மீறினால் ஒரு பீப் ஒலி. செலவு குறைவு, பிசகவும் வாய்ப்பு குறைவு. ஆனால் ஆபரேட்டரின் கண் ஏற்கெனவே படத்திலும் வாயு அளவிலும் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் போகிற இரைச்சலில் பீப் ஒலியும் காதில் விழாது. எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, அதிர்வு. ரோபோவின் மணிக்கட்டில் முடுக்கமானி என்ற சிறு சில்லை வைத்து, அது பிடிக்கும் நடுக்கத்தை மேலே உள்ள கைப்பிடியில் அப்படியே எழுப்புவது. செல்போனிலேயே இருக்கிற சில்லுதான், விலை பெரிதில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தச் சில்லு அழுக்கைத் தொடவே வேண்டாம் என்பது. எபாக்ஸி என்ற கெட்டிப்படும் பிசினை ஊற்றி மூடிவிட்டாலும் அதிர்வு உலோகத்தின் வழியாக வந்து சேரும். மூங்கில் செய்ததும் இதையேதான். நம் தோலுக்கு அடியில் அதிர்வை உணர்வதற்கென்றே இருக்கும் பசினியன் நுண்ணுறுப்புகள் 250 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 250 அதிர்வு, பக்கத்தில் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. கல்லில் உரசுவதையும் மணலில் உரசுவதையும் பிரித்துச் சொல்ல அது போதும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறுவை ரோபோவுக்காக உருவாக்கிய வெரோடச் என்ற அமைப்பும் இந்த வழியில் போனதுதான்.

குறையும் உண்டு. ரோபோவின் சொந்த மோட்டாரும் பல்சக்கரமும் நடுங்கும். அதை வடிகட்டாவிட்டால் கை முழுக்க வெறும் இரைச்சல்தான். ஓயாமல் அதிர்ந்தால் விரல் மரத்துப்போகும், அதனால் தொடும்போது மட்டும் அதிர வேண்டும். எல்லாவற்றையும்விட, அதிர்வுக்கு எடை தெரியாது. சத்தமில்லாமல் இறுகும் பிடியை அது சொல்லாது.

அதைச் சொல்வது மூன்றாவது வழி, எதிர்விசை. கீழே கை எவ்வளவு அழுந்துகிறதோ, அதற்கேற்ப மேலே உள்ள கைப்பிடி மோட்டார் வைத்து உங்கள் கையை எதிர்த்துத் தள்ளும். அணுக்கதிர்ப் பொருட்களைக் கையாள ரேமண்ட் கோர்ட்ஸ் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் 1950-களிலேயே மின்மோட்டாரால் இதைச் செய்து காட்டினார். ஆனாலும் இது எளிதில் வசப்படவில்லை. டா வின்சி அறுவை ரோபோ அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்றது. திசுவின் மேல் படும் விசையை மருத்துவர் கைக்குக் கொண்டுவரும் கருவிகள் 2024-ல் அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறையில்தான் வந்தன.

சிக்கல் தாமதத்தில் இருக்கிறது. வீடியோவுக்கு விநாடிக்கு 30 படம் போதும். எதிர்விசைக் கணக்கு விநாடிக்குச் சுமார் 1,000 முறை ஓட வேண்டும். சேதி பிந்தி வந்தால், நீங்கள் கையை எடுத்த பிறகு கைப்பிடி தள்ளும், நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள், கடைசியில் இரண்டு பக்கமும் உதற ஆரம்பிக்கும். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து மொபைல் நெட்வொர்க்கில் இயக்கும் திட்டம் என்றால், எதிர்விசையை நான் ஒதுக்கிவிடுவேன். மேன்ஹோல் பக்கத்தில் நின்று கேபிளில் இயக்கும்போது இந்தத் தாமதம் இல்லை; நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய சாதகம் இது.

அப்புறம் அரிப்பு. சாக்கடையின் ஹைட்ரஜன் சல்பைடு, ஈரமான சுவரில் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டையே தின்கிறது. நுட்பமான விசை உணரியை அங்கே வைத்தால் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்து விசையைக் கணிக்கலாம், ஆனால் பல்சக்கர உராய்வு சின்ன விசைகளை விழுங்கிவிடும். ஓர் இறுக்குப் பிடிக்கு மட்டும் என்றால் அந்தக் கணிப்பு போதும்.

அதனால் என் தேர்வு இது: கை முழுவதற்கும் அதிர்வு, விரல் இறுக்கத்துக்கு மட்டும் எதிர்விசை, திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை. எல்லா மூட்டுக்கும் எதிர்விசை கேட்டால் விலையும் எடையும் ஏறும். ராயபுரத்துச் சந்துகளில் தள்ளிக்கொண்டு போக முடியாத வண்டியால் யாருக்கு என்ன பயன்? விரல்நுனியைக் குத்தி அழுத்தும் கையுறைகளும் இருக்கின்றன, ஆனால் வெயிலில் வியர்க்கும் கைக்கு அவை சரிப்படாது.

வாங்கும் முன் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். கலங்கல் நீர் நிறைந்த தொட்டியில் துணி மூட்டை, மணல் மூட்டை, செங்கல் மூன்றையும் போட்டு, கேமராவை அணைத்துவிட்டு, பிளாச்சு பிடித்துப் பழகிய ஒருவரிடம் கைப்பிடியைக் கொடுக்க வேண்டும். எது எதுவென்று அவரால் சொல்ல முடிகிற கருவிக்கே ஆர்டர் போக வேண்டும். அந்தச் சோதனைக்கு அவருக்கு ஒரு நாள் கூலியும், இயக்கும் வேலையில் முதல் உரிமையும் டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும்.