பழைய மோட்டார்ஹோம் வாங்கலாமா? 2005 மாடலோடு இரண்டு வருடம்

எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மோட்டார்ஹோம் என்றால் படுக்கை, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து வீடு மாதிரி கட்டிய வேன். புதியது கைக்கு எட்டாது என்பது தேட ஆரம்பித்த அன்றே தெரிந்துவிட்டது, அதனால் 15, 20 வயதான வண்டிகளாகத்தான் பார்த்தோம். மூன்றை விட்டுவிட்டு நாலாவதை வாங்கினோம். 2005 மாடல், பியட் டுகாட்டோ என்ற வேன் மேல் கட்டியது, ஓட்டுபவர் தலைக்கு மேலே ஓர் இரட்டைப் படுக்கை முன்பக்கமாகப் புடைத்து நிற்கும் வகை. இரண்டு வருடம் ஓட்டியாயிற்று. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பின்னால் இருக்கும் வீடு காய்ந்திருந்தால் வாங்குங்கள், ஈரம் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எல்லோரும் முதலில் என்ஜினையும் கிலோமீட்டரையும்தான் பார்க்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். ஆனால் என்ஜின் கெட்டால் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், இந்த வகை வேன்கள் ஏராளமாக ஓடுவதால் பாகங்களும் கிடைக்கும். சுவர் அப்படி இல்லை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் மரச்சட்டம் அடித்து, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே பிளைவுட்டும் வைத்து, நடுவில் தெர்மோகோல் மாதிரி ஒன்றை அடைத்திருப்பார்கள். கூரை ஓரத்திலும் ஜன்னல், ஸ்கைலைட் என்ற கூரை ஜன்னல் இவற்றைச் சுற்றியும் பூசிய சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, வெயிலில் காய்ந்து வெடித்ததும் மழைநீர் துளித்துளியாக உள்ளே இறங்கும், மரம் ஊறும், உளுக்கும், மேலே மட்டும் எல்லாம் பளபளவென்று இருக்கும்.

முதலில் பார்த்த வண்டி அப்படித்தான். மிகக் குறைவாக ஓடியது, உள்ளே புது மெத்தை உறை, நல்ல வாசனை. மகள்தான் மேல் படுக்கையில் ஏறிப் படுத்துவிட்டு ஈரத்துணி வாடை வருகிறது என்றாள். கொண்டுபோயிருந்த ஈரப்பத மீட்டரை அந்த மூலையில் வைத்தால் 30 சதவீதத்துக்கு மேல் காட்டியது. 15-க்குக் கீழே என்றால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும், 30 என்றால் உள்ளே அழுகல் தொடங்கியிருக்க நிறைய வாய்ப்பு. சின்னக் கருவிதான், அதை வாங்காமல் வண்டி பார்க்கப் போகாதீர்கள். அலமாரிகளுக்குள்ளே, படுக்கைப் பெட்டிகளுக்கு அடியில், கூரையின் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். கதவுப் பக்கத்துத் தரையை மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் இரண்டு நாள் மழை பெய்த பிறகு போங்கள்.

இரண்டாவது வண்டியை ஈரத்துக்காக விடவில்லை. ஆறு பேர் படுக்கலாம் என்று சொன்னார்கள், உண்மைதான், ஆனால் சீட் பெல்ட் நாலுதான் இருந்தது. மீதி இரண்டு பேர் ஓடும் வண்டியில் பக்கவாட்டு சோபாவில் பெல்ட் இல்லாமல் உட்கார வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதற்குச் சம்மதிக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். படுக்கையை எண்ணும் முன்னால் பெல்ட்டை எண்ணுங்கள், அது இடுப்புக்கு மட்டுமா தோளுக்கும் சேர்த்தா, உங்களிடம் இருக்கும் குழந்தை சீட் அதில் சரியாகப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். மூன்றாவதன் கூரை ஏற்கெனவே ஒழுகியதை மேலே பூசி மெழுகியிருந்தார்கள், அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

அப்புறம் நாங்கள் வாங்கியது. ஈரம் எங்கும் 14-ஐத் தாண்டவில்லை, பெல்ட் ஆறு. குறைகள் இருந்தன. டயர்களில் பட்டன் தேயவே இல்லை, ஆனால் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் 0911 என்று இருந்தது, அதாவது 2011-ஆம் ஆண்டின் 9-ஆவது வாரம் செய்தது. மோட்டார்ஹோம் நின்றே காலம் கழிப்பதால் டயர் தேய்வதற்கு முன் ரப்பர் கெட்டுவிடும். எல்லாவற்றையும் மாற்றினோம். என்ஜினில் இருக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடக் கணக்கில் மாற்ற வேண்டும், முந்தைய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக ஓடியது என்று சொல்லி அதிக விலை கேட்பவர்களிடம் நான் மயங்கமாட்டேன்.

எடை விஷயம்தான் யாரும் எங்களுக்குச் சொல்லாதது. எங்கள் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ. எடை மேடையில் காலி வண்டியை நிறுத்தினால் 2,980. மிச்சம் 520 கிலோவில் ஐந்து பேர் ஏறக்குறைய 300, தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100 லிட்டருக்கு 100 கிலோ, பிறகு சிலிண்டர், சைக்கிள், துணி, பாத்திரம். முதல் பயணத்தில் அனுமதித்த எடையைத் தாண்டியே போயிருக்கிறோம், இப்போது நினைத்தால் பிரேக்கை எண்ணிப் பயமாக இருக்கிறது. இப்போது தொட்டியில் 20 லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புகிறோம்.

உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜ் எனக்கு மிகவும் பிடித்தது. கம்ப்ரஸர் கிடையாது, அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர வைப்பது, அதனால் இரவில் சத்தமே இல்லை, எரிவாயு, மின்சாரம், 12 வோல்ட் மூன்றிலும் வேலை செய்யும். ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் உள்ளே ஓட்டம் தடைப்பட்டுக் குளிராது. குளிர்வதற்கும் பல மணி நேரம் ஆகும், முந்தின இரவே போட்டுவிடுங்கள். உள் விளக்குக்கான பேட்டரி செத்திருந்தது, மாற்றினோம். 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி என்றால் பாதியைத்தான் பயன்படுத்தலாம், அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

எரிவாயுக் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், பழையதென்றால் யோசிக்காமல் மாற்றி, தெரிந்தவரை வைத்துக் கசிவு சோதனை செய்துவிட்டுத்தான் குடும்பத்தை அதில் தூங்க வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம், எரிவாயு சரியாக எரியாவிட்டால் வரும் அந்த விஷ வாயுவுக்கு வாடையே கிடையாது.

ஓட்டுவது பழகிவிடும். பக்கக் காற்றில் தள்ளும், ஏற்றத்தில் மெதுவாகப் போகும், தாழ்வான பாலத்தில் இடித்துவிடாமல் இருக்க வண்டியின் மூன்று மீட்டர் உயரத்தை ஸ்டீயரிங் முன்னால் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வருடத்துக்கு ஒரு வாரம் மட்டும் போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே மேல், நிற்கும் வண்டிக்கும் காப்பீடு, வரி, நிறுத்த இடம் எல்லாம் உண்டு. நாங்கள் இரண்டு வருடத்தில் 70 இரவுக்கு மேல் இதில் தூங்கியிருக்கிறோம். நீண்ட தூரம் காரில் உட்கார முடியாத மாமியார் இதில் வழியில் நிறுத்திக் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறார், முழங்கால் வலி என்று பயணத்தையே விட்டிருந்தவர் இப்போது அடுத்தது எப்போது என்று அவரே கேட்கிறார். ஸ்கைலைட்டைச் சுற்றி சீலன்ட் லேசாக விரிசல் விட்டிருக்கிறது. மழைக்காலம் வருவதற்குள் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும், அது முடிந்ததும் கிளம்புகிறோம்.